குளவி பறக்கிறது, வேலை செய்கிறதா? பூச்சிக்கொல்லியும் ஒட்டுண்ணிக் குளவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லிலும் கரும்பிலும் முட்டை ஒட்டுண்ணி அட்டை (உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய அட்டை) கட்டுகிறவர்கள், தென்னையிலும் பப்பாளியிலும் மரவள்ளியிலும் குளவி தானாக வந்து வேலை செய்யும் தோட்டம் வைத்திருப்பவர்கள், இவற்றைப் படிக்கும் வேளாண் மாணவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. 'குளவி செத்துவிடுமா?' என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். சாகாத குளவியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம்.

ஒட்டுண்ணிக் குளவி எது? கொட்டுமா?

கூரை முகட்டில் மண்கூடு கட்டும் குளவி வேறு, இது வேறு. ஒட்டுண்ணிக் குளவி தன் முட்டையை இன்னொரு பூச்சியின் முட்டைக்குள்ளோ, புழுவின் உடலிலோ, மாவுப்பூச்சிக்குள்ளோ வைக்கும். அதிலிருந்து வரும் குஞ்சு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும். நம்மூர் வயலில் முக்கியமானவை சில: நெல், கரும்புக்கு டிரைக்கோகிரம்மா, தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு கோனியோசஸும் பிரகானும், சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா, பப்பாளி மாவுப்பூச்சிக்கு அசெரோஃபேகஸ், மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அனாகைரஸ் லோபெசி. டிரைக்கோகிரம்மாவின் உடல் அரை மில்லிமீட்டர் அளவுதான். இவற்றில் எதற்கும் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

மருந்து அடித்த மறுநாளும் குளவி பறக்கிறது. பாதிப்பில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. பறப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டிரைக்கோகிரம்மா பெண் குளவி ஒரு முட்டையைச் சோதிக்கும் விதத்தைப் பத்து மடங்கு லென்ஸில் ஒரு தடவை பார்த்துவிட்டால் காரணம் புரியும். முட்டைமேல் ஏறியதும், முனை தடித்த இரண்டு உணர்கொம்புகளாலும் மேளம் கொட்டுவதுபோல் தட்டிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடக்கும். முட்டை எவ்வளவு பெரியது, உள்ளே எத்தனை குஞ்சுக்குத் தீனி இருக்கிறது, வேறு குளவி முந்திக்கொண்டதா, முட்டை பழசாகிவிட்டதா என்பதையெல்லாம் அந்த நடையில்தான் அளக்கிறது. பிறகு ஓரிடத்தில் நிலைகொண்டு, வயிற்றுப் பகுதியைக் கீழே வளைத்து, ஊசி போன்ற உறுப்பால் முட்டை ஓட்டைத் துளைக்கும். இந்த வேலைக்கே சில நிமிடங்கள் ஆகும்.

மருந்துப் படிவில் நடந்த குளவியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டைமேல் ஏறும், உடனே இறங்கும். உணர்கொம்பைக் காலால் வழித்துத் துடைத்துக்கொண்டே இருக்கும். துளைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுப் போகும். குளவி உள்ளே வளரும் பூச்சி முட்டை கருக்கும்; இங்கே குளவிக்கு உயிர் இருக்கிறது, ஆனால் முட்டை கருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. தீனி கிடைக்காத வயலில் டிரைக்கோகிரம்மாவின் ஆயுள் இரண்டு, மூன்று நாள்தான். ஒரு நாள் மயங்கிக் கிடந்து மறுநாள் தெளிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு அத்தோடு போயிற்று. அந்த ஒரு நாளில் அந்துப்பூச்சியின் முட்டை முதிர்ந்து, குளவிக்கு ஆகாததாகியும் விடலாம்.

என்னென்ன பழக்கங்கள் கெடுகின்றன?

முதலில் கெடுவது மோப்பம். குளவிக்குக் கண்ணைவிட வாசனைதான் வழிகாட்டி. புழு கடித்த இலையிலிருந்து எழும் வாசம், அந்துப்பூச்சி உதிர்த்த செதில், புழுவின் எச்சம், பூச்சி நடந்துபோன கால்தடம் என ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் இலக்குக்குப் போய்ச் சேரும். அந்தச் செய்தியைக் கொண்டுபோவது நரம்பு. இன்று விற்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை தாக்குவதும் நரம்பைத்தான். பச்சை நாவாய்ப்பூச்சியின் முட்டையைத் தேடும் டிரிசோல்கஸ் என்ற குளவியை டெல்டாமெத்ரின் படிவில் நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வு உண்டு. நாவாய்ப்பூச்சியின் கால்தட வாசனை இருக்கும் இடத்தில் தங்கிச் சுற்றித் தேடும் பழக்கம் அந்தக் குளவியிடம் குலைந்துபோனது. ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வில், நாசோனியா என்ற குளவிக்கு நானோகிராம் கணக்கில் இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள். குளவி சாகவில்லை. ஆனால் பெண் குளவி ஆணின் வாசனையைப் பொருட்படுத்தவில்லை, இரையின் வாசனையையும் தேடிப் போகவில்லை.

அடுத்தது நடை. பைரித்ராய்டு மருந்துகளில் இது வெளிப்படையாகத் தெரியும். குளவி மல்லாந்து விழுந்து காலை உதைக்கும், இல்லாவிட்டால் வழக்கத்தைவிட வேகமாக ஓடும். மருந்து பட்ட இலையில் உட்காரவே மறுத்து விலகிப் போவதும் உண்டு. விலகிப் போனால் குளவி பிழைத்துக்கொள்ளும். பூச்சி முட்டை இருப்பது அந்த இலையில்தானே, அதற்கு என்ன வழி?

மூன்றாவது இணைசேர்தல். அதைத் தனிக் கேள்வியாகக் கீழே சொல்கிறோம்.

கோனியோசஸ் கதை கொஞ்சம் வேறு. இந்தப் பெண் குளவி கருந்தலைப் புழுவைக் கொட்டி முடக்கி, அதன்மேல் முட்டையிட்டுவிட்டுப் போய்விடாது. குஞ்சுகள் கூட்டுப்புழுவாகும்வரை பக்கத்திலேயே காவல் இருக்கும். வேறு குளவி வந்தால் விரட்டும். அடைகாக்கும் கோழி மாதிரி என்றே சொல்லலாம். மருந்து இந்தத் தாயைக் கொல்ல வேண்டியதில்லை. காவலை விட்டு எழுப்பிவிட்டாலே போதும், குஞ்சுகள் அடுத்த பூச்சிக்குத் தீனி.

நேர்மாறான விளைவும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. பழ ஈ என்று பொதுவாகச் சொல்லும் டிரோசோஃபிலாவின் புழுவைத் தாக்கும் லெப்டோபிலினா குளவிக்கு, ஐந்தில் ஒன்று சாகிற அளவு குளோர்பைரிபாஸ் கொடுத்தார்கள். பிழைத்தவை இரை வாசனைக்கு முன்னைவிட நன்றாகவே நடந்துகொண்டன. இதைப் படித்துவிட்டு 'கொஞ்சம் மருந்து குளவிக்கு டானிக்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஐந்தில் ஒன்று செத்தது செத்ததுதான்.

அட்டையிலிருந்து வந்த அடுத்த தலைமுறையில் ஆண் குளவியே அதிகமாக இருப்பது ஏன்?

குளவி இனத்தில் ஆண், பெண் பிறப்பு முறையே தனி. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் வரும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வரும். இணைசேராத பெண்ணும் முட்டையிடும், ஆனால் அத்தனையும் ஆணாகத்தான் பிறக்கும். பூச்சி முட்டையைத் துளைப்பது பெண் மட்டுமே. மருந்து பட்டு இணைசேர்க்கை தப்பினால் இந்த வாரம் முட்டைகள் கருத்திருப்பதைப் பார்த்து மகிழ்வோம். அடுத்த வாரம் அதிலிருந்து வெளிவருவதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத ஆண்கள். டிரைக்கோகிரம்மா பிராசிகே என்ற இனத்தில், குளோர்பைரிபாசைத் தாண்டிப் பிழைத்த பெண்களின் வாரிசுகளில் பெண் விகிதம் குறைந்ததைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள்.

சோதிப்பது எளிது. வெளிவந்த குளவிகளை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு லென்ஸில் உணர்கொம்பைப் பாருங்கள். ஆணுக்கு நீள முடி சிலிர்த்து நிற்கும். பெண்ணுக்கு முனை கதைபோல் தடித்திருக்கும். நல்ல அட்டையில் பெண் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் மருந்தின் மேலேயே பழி போட்டுவிடாதீர்கள். வளர்ப்பு ஆய்வகத்தில் குளவிக் கூட்டம் நெரிசலாகிவிட்டாலும், கொடுத்த நெல் அந்துப்பூச்சி முட்டை பழசாக இருந்தாலும் ஆண் கூடும்.

எந்த மருந்து எவ்வளவு கெடுதல்?

பயிருக்குப் பரிந்துரை இருக்கிறதா என்பதை லேபிளில் பாருங்கள். குளவியின் பக்கம் நின்று பார்த்தால் நிலவரம் இது.

மோசமானவற்றில் முதல் வரிசை ஃபிப்ரோனில், பைரித்ராய்டுகள் (லாம்டா சைஹலோத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்), ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் (குளோர்பைரிபாஸ், புரொஃபெனோபாஸ், அசிபேட்). இவற்றில் பைரித்ராய்டுக்குத் தனி எச்சரிக்கை: இலையில் வாரக்கணக்கில் தங்கும். இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சாம் இலைவழித் தெளிப்பும் இதே வரிசைதான். நெல்லில் பரவலாகப் போடும் கார்டாப் ஹைட்ரோகுளோரைடும் டிரைக்கோகிரம்மாவுக்கு ஆகாது.

நடுவில் நிற்பவை எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பினோசாட், ஸ்பினிடோரம். ஈரமாக இருக்கும்போதும் முதல் சில நாட்களும் குளவியைக் கொல்லும். வெயிலில் சிதைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் வேகம் தணியும். ஸ்பினோசாட் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து கிடைக்கிறது என்பதால் 'உயிரியல் மருந்து, குளவிக்கு ஒன்றும் செய்யாது' என்று கடையில் சொல்வார்கள். பிறப்பிடம் எதுவானாலும் அது நரம்பைத் தாக்கும் மருந்து. குளவி இனத்துக்குக் குறிப்பாகக் கெடுதல்.

பரவாயில்லை என்று சொல்லத்தக்கவை குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபென்டியமைடு. சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு பைமெட்ரோசின், புப்ரோஃபெசின். புழுவுக்கு நோய் உண்டாக்கும் பி.டி. பாக்டீரியாவும் என்.பி.வி. வைரசும் குளவியை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் நோய்வாய்ப்பட்ட புழுவில் முட்டையிட்ட குளவியின் குஞ்சு, புழு முன்கூட்டியே செத்துப்போவதால் சேர்ந்து சாகும். பைரிபுராக்சிஃபென் வளர்ந்த குளவியைக் கொல்லாது. ஆனால் வெள்ளை ஈக் குஞ்சுக்குள் வளரும் இளம் என்கார்சியா வெளிவராமலே போகலாம்.

அதிகம் பேர் தவறுவது கலவை மருந்தில். 'குளோரான்ட்ரானிலிப்ரோல்தான் சார் அடித்தேன், அது பாதுகாப்பு என்றீர்களே' என்பார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 9.3 சதம், லாம்டா சைஹலோத்ரின் 4.6 சதம் என்று இருக்கும். அந்த இரண்டாவது பெயர்தான் குளவிக்கு எமன். வாங்கும்போதே சிறிய எழுத்தில் உள்ள இரண்டாவது பெயரைப் படியுங்கள்.

பூஞ்சாணக்கொல்லியிலும் ஒன்று கவனிக்க வேண்டும்: நனையும் கந்தகம் டிரைக்கோகிரம்மாவுக்குக் கெடுதல். அட்டை கட்டியிருக்கும் வாரத்தில் வேண்டாம்.

வேப்பெண்ணெயும் வேப்பங்கொட்டைச் சாறும் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் நேரம் பார்த்து. ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு (200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ பருப்பு) குளவியைக் கொல்வது குறைவு. சிக்கல் கொல்வதில் இல்லை. சாறோ எண்ணெயோ படிந்த முட்டையைக் குளவி தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று இறங்கிவிடும். எண்ணெய்ப் படலம் இந்த விஷயத்தில் சாற்றைவிட மோசம். எனவே வேம்பு முதலில், அட்டை பிறகு. நடுவில் ஐந்தாறு நாள் இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் காலையில் வேப்பெண்ணெய், மாலையில் அட்டை என்பது அட்டைக்குக் கொடுத்த காசை வாய்க்காலில் போடுவதற்குச் சமம்.

தெளிக்காமல் வேரில் ஊற்றினால் குளவிக்குப் படாதே?

உடலில் படாது, வயிற்றுக்குள் போகும்.

வளர்ந்த குளவி புழுவைத் தின்று வாழ்வதில்லை. தேன், பூவுக்கு வெளியே சுரக்கும் இனிப்பு, மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் தேன்துளி, இவைதான் அதன் முக்கிய ஆகாரம். ஊடுருவும் மருந்து வேர் வழியே சாற்றில் ஏறினால் இவை எல்லாவற்றிலும் வரும். பருத்தியில், இலை நரம்பில் சுரக்கும் இனிப்பைக் குடித்த மைக்ரோபிளைடிஸ் குளவிகள் புழு தேடும் திறனை இழந்ததை அமெரிக்காவில் 2000இலேயே காட்டிவிட்டார்கள். 2019இல் ஸ்பெயினில் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது: நியோனிகோட்டினாய்டு (இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சாம் வகை மருந்து) கொடுத்த ஆரஞ்சு இனச் செடியில் இருந்த மாவுப்பூச்சி உயிரோடு இருந்தது, தேன்துளியும் கழித்தது. அதைக் குடித்த அனாகைரஸ் குளவிகள் பெருமளவில் செத்தன. மாவுப்பூச்சி தான் சாகாமல் தன் எதிரிக்கு விஷம் வைத்த மாதிரி.

பப்பாளித் தோட்டக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டது. இரண்டு வருடம் மருந்தாக அடித்துப் பார்த்தார்கள். மாவு மெழுகுக்குள் எதுவும் இறங்கவில்லை. மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றுக்கும் பரவியது. 2010இல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த அசெரோஃபேகஸ் குளவிதான் அதை அடக்கியது. இன்றைக்கும் அந்தக் குளவிதான் காவல். செடியில் வெள்ளை தெரிந்ததும் வேரில் மருந்து ஊற்றும் முன், நான்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். உப்பிப் பழுப்பேறி விறைத்த மாவுப்பூச்சி இருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அதில் ஊசி குத்தியது போன்ற வட்டத் துளை இருந்தால் குளவி ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. இப்படி ஐந்தில் ஒன்று தெரிந்தாலே மருந்தைத் தள்ளிப் போடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். தேன்துளிக்காக எறும்பு மாவுப்பூச்சியைக் காக்கும், குளவியை முட்டையிட விடாது. அதைத் தடுக்காமல் குளவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அரை டோஸ் அடித்தால் பூச்சியும் குறையும், குளவியும் தப்புமே?

அரை டோஸில்தான் மேலே சொன்ன மயக்கமெல்லாம் வரும். தடிமனான புழு தாங்கிக்கொள்ளும், அரை மில்லிமீட்டர் குளவி தாங்காது. குளவி தப்ப வேண்டுமானால் அளவைக் குறைக்காதீர்கள்; மருந்தை மாற்றுங்கள், இடத்தைக் குறையுங்கள். வயல் முழுவதும் அடிக்காமல் தாக்குதல் உள்ள பாத்தியை மட்டும் அடிப்பது, நான்கு வரிசைக்கு ஒரு வரிசை விட்டுவைப்பது, இவை பலன் தரும்.

அட்டை கட்டும் வயலில் மருந்து அடிக்க வேண்டி வந்தால் எப்படி?

முதலில் அட்டையின் கால அட்டவணை. நெல் தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம், நட்ட 30, 37ஆம் நாட்களில் எக்டருக்கு 5 சி.சி.; இலைச்சுருட்டுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ், 37, 44, 51ஆம் நாட்களில் அதே அளவு. கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு தடவை எக்டருக்கு 2.5 சி.சி. வீதம் ஆறு தடவை. ஒரு சி.சி. என்றால் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 முட்டை.

நெல்லின் அட்டவணையைப் பார்த்தால் 30ஆம் நாள் முதல் 51ஆம் நாள் வரை மருந்துக்கு இடமே இல்லை. 20ஆம் நாள் குருணை மருந்து போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை முதலில் யோசிக்க வேண்டும். ஃபிப்ரோனிலோ கார்டாப்போ போட்டுவிட்டு பத்தாம் நாள் அட்டை கட்டுவது பொருந்தாத ஜோடி. தண்டு துளைப்பான் தாக்குதல் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டி, அடித்தே தீர வேண்டும் என்றால் குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றதைத் தேர்ந்து, ஒரு வாரம் விட்டு அட்டை கட்டுங்கள். பைரித்ராய்டு அடித்த வயல் என்றால் மூன்று வாரம்கூட ஆகலாம்; நாளை எண்ணாமல் கீழே சொல்லும் பாட்டில் சோதனையைச் செய்துவிடுங்கள். தென்னையில் கருந்தலைப் புழுவுக்கு இலையில் மருந்து அடித்தாலும் கோனியோசஸ் விட மூன்று வாரம் பொறுக்க வேண்டும். விடும்போது எக்டருக்கு 3,000 குளவி. புழு இரண்டாம், மூன்றாம் பருவத்தில் இருக்க வேண்டும். மரத்தின் உச்சிக் குருத்தில் விடக் கூடாது, அங்கே சிலந்தி காத்திருக்கும்.

அட்டைத் துண்டுகளைப் பத்து மீட்டருக்கு ஒன்றாக, இலையின் அடிப்புறம் ஸ்டேப்ளர் அடித்துக் கட்டுங்கள். ஏக்கருக்கு 40 துண்டு வரும். குளவி அதிக தூரம் போகாது என்பதால்தான் இந்தக் கணக்கு. மாலையில் கட்டினால் வெயில் படாது.

முட்டை கருத்த பிறகு அடித்தால் உள்ளே இருக்கும் குளவிக்குப் படாதுதானே?

ஓரளவுக்கு உண்மை. டிரைக்கோகிரம்மா முட்டையிட்ட மூன்று, நான்கு நாளில் இரை முட்டை கருக்கும். ஏழு, எட்டாம் நாள் குளவி வெளிவரும். கருத்த முட்டையின் ஓடு உள்ளே இருப்பதற்குக் கவசம்தான். ஆனால் வெளிவரும்போது குளவி அந்த ஓட்டைத் தாடையால் கடித்துத் துளைக்கிறது. ஓட்டின் மேல் படிந்த மருந்து அப்போதுதான் வாய்க்குள் போகிறது. பிறகு நடப்பதும் அதே இலையில். அதனால் கருத்த முதல் நாளில் அடித்தால் சேதம் குறைவு. வெளிவருவதற்கு முந்தைய நாள் அடித்தால் வெளியில் இருக்கும் குளவிக்கு அடித்ததுபோலத்தான்.

என் வயல் குளவிக்குத் தயாரா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும். வேண்டியவை: ஒரே அளவான இரண்டு அகலவாய்க் கண்ணாடி பாட்டில்கள், நெருக்கமாக நெய்த காடாத் துணி, ரப்பர் பேண்ட், குளவி வெளிவரும் நிலையில் உள்ள அட்டைத் துண்டு, ஆய்வகத்தில் வாங்கிய புதிய நெல் அந்துப்பூச்சி முட்டை ஒட்டிய இரண்டு சிறு பட்டைகள். கொசுவலைத் துணி ஆகாது, டிரைக்கோகிரம்மா அதன் வழியே போய்விடும்.

மருந்து அடித்த வயலில் ஐந்தாறு இலையைப் பறித்து ஒரு பாட்டிலில் போடுங்கள். மருந்து அடிக்காத வயலில் அதே பயிரின் இலையை மற்றதில் போடுங்கள். இலையில் ஈரம் இருக்கக் கூடாது. சிறு தாள் துண்டில் தேனைக் கோடாக இழுத்து உள்ளே வையுங்கள். சொட்டாக வைத்தால் குளவி மூழ்கிவிடும். இரண்டிலும் ஒரே அளவு அட்டைத் துண்டைப் போட்டு, துணி கட்டி, நிழலில் ஒரே வெளிச்சத்தில் வையுங்கள். குளவிகள் வெளிவந்ததும் நான்கு மணி நேரம் இலையில் நடக்க விட்டு, பிறகு முட்டைப் பட்டையைச் செருகுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பட்டையை எடுத்துத் தனியே வைத்து, நான்கு நாள் கழித்து நூறு முட்டையில் எத்தனை கருத்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

மருந்து அடித்த பாட்டிலில் கருத்தது மற்றதில் பாதிக்கும் குறைவு என்றால் வயல் தயாராகவில்லை. மூன்று நாள் விட்டுத் திரும்பப் பாருங்கள். மருந்து படாத பாட்டிலிலேயே பாதி கருக்கவில்லை என்றால் கோளாறு அட்டையில். மூடிய பாட்டிலில் ஆவியும் சேர்வதால் இந்தச் சோதனை வயலைவிடச் சற்றுக் கடுமையாகவே காட்டும். பாதுகாப்பான பக்கம் தவறுவது நல்லதுதான்.

எண்ணுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. நல்ல குளவி வெளிச்சத்தைப் பார்த்துத் துணியை நோக்கி ஏறும். பாதிக்கப்பட்டது அடியிலேயே சுற்றும், இறக்கையை விரித்தபடி நிற்கும், ஓயாமல் தன்னைத் துடைத்துக்கொள்ளும்.

லேபிளில் 'நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் பாதுகாப்பானது' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்தப் பூச்சிக்கு என்று கேளுங்கள். பொறிவண்டுக்குப் பாதுகாப்பானது குளவிக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. உலக அளவில் பயன்படும் ஐ.ஓ.பி.சி. (சர்வதேச உயிரியல் கட்டுப்பாட்டு அமைப்பு) தரவரிசையில், ஆய்வகச் சோதனையில் 30 சதத்துக்குக் குறைவான பாதிப்பு என்றால் 'கெடுதலில்லை', 30 முதல் 79 வரை 'சிறிது கெடுதல்', 80 முதல் 99 வரை 'நடுத்தரம்', அதற்கு மேல் 'கெடுதல்'. இறப்போடு முட்டையிடும் திறனையும் அது பார்க்கிறது. ஆனால் வாசனை தேடுவதும் இணைசேர்வதும் அந்த எண்ணில் நேரடியாக வராது. 'சிறிது கெடுதல்' என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பத்தில் ஏழு போனாலும் அதே பெயர்தான்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈக்கு ஏன் மருந்தே வேண்டாம் என்கிறார்கள்?

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய பூச்சி அது. கூடவே என்கார்சியா குவாடலூபே என்ற குளவியும் தானாகப் பெருகியது. மருந்து அடித்த தோப்புகளில் குளவி போய்விடும். மெழுகுப் பொடிக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை ஈ திரும்பப் பெருகும். ஓலையின் அடியில் கருத்த குஞ்சுகள் தெரிந்தால் அவை குளவி ஏறியவை. அந்த ஓலையை வெட்டிக் கொளுத்தாதீர்கள்; குளவி இல்லாத மரத்தில் கொண்டுபோய்ச் செருகுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளித்தால் காய்ந்து உதிரும். மஞ்சள் ஒட்டுப் பொறியில் சில என்கார்சியாவும் மாட்டும், ஆகவே வெள்ளை ஈ குறைந்ததும் பொறியைக் கழற்றிவிடுங்கள்.

மருந்தே அடிக்கவில்லை, இருந்தும் அட்டை வேலை செய்யவில்லை. ஏன்?

அட்டை எங்கே இருந்தது என்று யோசியுங்கள். மருந்துக் கடையில் பூச்சிக்கொல்லி டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்து விற்ற அட்டை, வீட்டில் கொசுவத்தியோ கொசு விரட்டித் திரவமோ இரவெல்லாம் எரிந்த அறையில் தங்கிய அட்டை, இரண்டும் வயலுக்குப் போகும் முன்பே கெட்டவை. கொசு மருந்துகளில் இருப்பதும் பைரித்ராய்டுதான். குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைபெட்டியில் வைக்கக் கூடாது. காற்றில் பக்கத்து வயல் மருந்து வந்ததா, அட்டையை எறும்பு தின்றதா, முன்பு பூச்சிக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் நுண்ணூட்டம் அடித்தீர்களா என்றும் பாருங்கள். கடைசியில் சொன்னது அடிக்கடி நடக்கிறது.

பூச்சிக்கு எதிர்ப்புத்திறன் வருவதுபோல் குளவிக்கும் வராதா?

வரலாம், ஆனால் பின்தங்கித்தான் வரும். மருந்தைத் தாங்கிய குளவி இருந்தாலும், அதற்கு முட்டையிட உயிரோடு பூச்சி வேண்டும். பூச்சி முதலில் தாங்கப் பழக வேண்டும், பிறகுதான் குளவியின் முறை. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்க முடியும். பெங்களூருவில் இயங்கிய உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்குநரகம் எண்டோசல்ஃபானைத் தாங்கும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் இனத்தை அப்படித்தான் உருவாக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றத் தடையோடு எண்டோசல்ஃபானே வயலை விட்டுப் போனது. இன்று கடையில் கிடைக்கும் அட்டையில் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் குளவிதான். அதனால் வாங்கும்போது என்ன இனம், எந்தத் தேதியில் வெளிவரும் என்று கேட்டு அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.